காருக்கு ஒரு நெற்றி

குழந்தைவேலுவின் மகள் ஷாமளா மழையில் ஓட்டினால் கெட்டிக்காரி, வெயிலில் ஓட்டினால் தறுதலை. இப்படிச் சொன்னது மனிதர் யாரும் இல்லை. அவளுடைய காரில் ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகியிருந்த தீப்பெட்டி அளவுக் கறுப்புப் பெட்டிதான் சொன்னது. ஒவ்வொரு பயணம் முடிந்ததும் அது குழந்தைவேலுவின் போனுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க் அனுப்பும். திடீரென்று பிரேக் பிடித்தால் மார்க் குறையும். கோடு தாண்டினால் குறையும். காரே பயந்துபோய்த் தானாக பிரேக் போட்டுக்கொண்டால் மொத்தமாகக் குறையும்.

சின்ன வெள்ளைக் கார். முன்கண்ணாடியின் மேல்பக்கம், உட்கண்ணாடிக்குப் பின்னால் அதற்குக் கேமராக் கண் ஒன்று இருந்தது. முன்னால் ஏதாவது வந்தால் கத்தும், ஓட்டுகிறவர் கேட்காவிட்டால் தானே நிறுத்தும் என்று விற்றவன் சொன்னபோது குழந்தைவேலுவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அத்தோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. கண் மட்டும் போதாது என்று சுங்கை பட்டாணியில் ஒரு கடைக்குப் போய் இந்தப் பெட்டியையும் மாட்டிக்கொண்டு வந்தார்.

ஷாமளாவுக்குப் பதினெட்டு வயது. தாதியர் படிப்பில் முதல் வருடம். காலை ஆறே முக்காலுக்குச் சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரி வார்டில் நிற்க வேண்டும். வீடு இருக்கும் பீடோங்கிலிருந்து முதல் பஸ் போய்ச் சேரும்போது வார்டில் பாதி வேலை முடிந்திருக்கும். சொல்லாமல் மூன்று நாள் வராவிட்டாலோ, பிந்தி வந்தாலோ பரீட்சை எழுத விடமாட்டார்கள். ஆகவே கார்தான் படிப்பு. குழந்தைவேலுவின் சட்டமோ இன்னும் எளிது: எழுபதுக்குக் கீழே மூன்று தடவை போனால் சாவி அவர் கைக்குப் போய்விடும்.

"அண்ணனுக்கு ஏன் பொட்டி இல்ல?" என்று முதல் நாளே கேட்டாள்.

"அவன் ஆம்பளப் பிள்ள. அவனுக்குத் தெரியும்" என்றார்.

அவனுக்கு என்ன தெரியும் என்பது தாமானில் அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் தெரியும். அண்ணன் விக்னேஸ்வரனுக்கு இருபது வயது. மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயை அறுத்துவிட்டு ஓட்டுகிறான். அவன் பீடோங் பசார்க் கடைத்தெருவைத் தாண்டும்போதே அம்மா ரமணி இங்கே சோறு போட்டுவிடுவாள், அவ்வளவு சத்தம். அவனுக்கு மார்க் போட யாரும் இல்லை.

இன்னொரு விஷயமும் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். குழந்தைவேலு இருபத்தாறு வருடமாக எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். போலீஸ் அபராதம் என்று ஒரு சம்மன் கிடையாது. போன வருடம் லாரி முதலாளியான தவுக்கே ஒவ்வொரு லாரியிலும் டிரைவர் முகத்தைப் பார்க்கிற மாதிரி ஒரு கேமரா மாட்டினார். கொட்டாவி விட்டால்கூட ஆபீசுக்குத் தெரிந்துவிடுமாம். மறுநாளே குழந்தைவேலு அதன் மேல் வேல் படம் போட்ட ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிட்டார். "இருபத்தாறு வருசம் ஓட்டறேன். என்ன ஒரு பொட்டி பாக்கணுமா? நம்பிக்க இல்லன்னா வேற ஆளப் பாத்துக்க சொல்லு" என்று அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் முழங்கினார். தவுக்கே கேட்டால் சாமி படம் என்பார். எடுக்கச் சொல்ல எந்தத் தவுக்கேக்கும் தைரியம் வராது.

அப்பாவின் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அவருடைய தம்பி திவாகரன் பத்தொன்பது வயதில் செமிலிங் முச்சந்தியில் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டான். ஷாமளா அவனைப் பார்த்ததில்லை. ஆனால் அவள் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி அந்த முச்சந்திதான். அவள் சாவியை எடுக்கும்போதெல்லாம் அப்பாவின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்வதை அவள் பார்த்திருக்கிறாள். பார்த்துப் பாவப்பட்டும் இருக்கிறாள்.

பாவப்பட்டது மழை பெய்த முதல் மாதத்தோடு சரி. அப்புறம் மார்க் விழ ஆரம்பித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அறுபத்தொன்று வந்தது. வெறும் சாலையில் கார் வீல் என்று கத்தி, தானே பிரேக் போட்டு நின்றது. முன்னால் நாய்கூட இல்லை. வீட்டுக்கு வந்தால் அப்பா போனை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

"நான் போடலப்பா. காடியே போட்டுச்சு."

"சும்மா போடுமா? முன்னால ஏதாச்சும் இருந்திருக்கும். நீ பாக்கல."

"ஒண்ணுமே இல்லப்பா!"

"காடி பொய் சொல்லாது."

"அப்ப நான் சொல்றேனா?"

அவர் போனில் மார்க்கையே மறுபடி பார்த்தார். அதுதான் அவளைச் சுட்டது. பதினெட்டு வருடம் வளர்த்த மகளின் வாயை நம்பவில்லை, வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத பெட்டியை நம்புகிறார். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. ரமணி இரண்டு தடவை வந்து கதவைத் தட்டிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் பேய்மழை. செமிலிங்கில் தண்ணீர் சாலைக்கு ஏறியிருந்தது. வைப்பரை முழு வேகத்தில் ஓடவிட்டு, முன்னால் போகிற லாரியின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போனாள். மார்க் தொண்ணூற்று நான்கு. "பாத்தியா, ஒழுங்கா ஓட்டினா ஒழுங்கா வருது" என்று குழந்தைவேலு பெருமையாகச் சொன்னார். அதற்கடுத்த ஞாயிறு பளீரென்று வெயில். அறுபத்து மூன்று. இரண்டாவது தடவை.

மழையில் நல்லவள், வெயிலில் கெட்டவள். நாள்காட்டியில் மார்க்கையும் மழையையும் வார்டுப் பேனாவால் குறித்துப் பார்த்தாள். தப்பாமல் அப்படியே இருந்தது. ஏன் என்று மட்டும் புரியவில்லை.

புரிந்தது ஒரு புதன்கிழமை, ஆஸ்பத்திரியில். கூடப் படிக்கிற பெண் ஒருத்தி பதறிக்கொண்டு ஓடி வந்தாள். ஏழாம் கட்டில் அம்மாவுக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் எண்பத்திரண்டுதான் காட்டுகிறது, டாக்டரைக் கூப்பிடவா என்றாள். ஷாமளா போய்ப் பார்த்தாள். ஏழாம் கட்டில் அம்மா கால்மேல் கால் போட்டுக்கொண்டு, தேத்தண்ணியில் பிஸ்கட்டை நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். மூச்சு வாங்கவில்லை, உதடு சிவப்பாகத்தான் இருந்தது. விரலில் மாட்டியிருந்த கிளிப்பைக் கழற்றினால், நகத்தில் கருநீலப் பூச்சு. பேத்தி கல்யாணத்துக்குப் போட்டதாம். அசிட்டோனில் நனைத்த பஞ்சால் அதைத் துடைத்து மறுபடி மாட்டினாள். தொண்ணூற்றெட்டு.

"ஆளப் பாக்காம நம்பரப் பாத்தா இப்படித்தான்லா" என்று சிநேகிதியிடம் சொல்லிக்கொண்டே வந்தவள் பாதி வழியில் நின்றுவிட்டாள்.

இடைவேளையில் விடுவிடுவென்று கார் நிறுத்துமிடத்துக்குப் போனாள். காருக்கு முன்னால் நின்று அதன் முகத்தைப் பார்த்தாள். கண்ணாடியின் மேல்பக்கம் நட்டநடுவில், கையகலத்துக்கு மூன்று பட்டை விபூதி. அதன் நடுவே சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் குழந்தைவேலு லாரிக்குப் பூசைபோடுவார், பிறகு காருக்கு. விபூதியைத் தண்ணீரில் குழைத்து நெற்றியில் மூன்று பட்டை இழுப்பார். லாரிக்கு நெற்றி எது என்பதில் அவருக்கு இருபத்தாறு வருடமாகச் சந்தேகம் வந்ததில்லை, காருக்கும் வரவில்லை. லாரியின் நெற்றிக்குப் பின்னால் வெறும் தகரம்தான். காரின் நெற்றிக்குப் பின்னால்தான் கண் இருந்தது. மகளைக் காப்பாற்ற வாங்கிய கண்ணை, மகளைக் காப்பாற்றச் சொல்லிக் கும்பிட்டபடியே வாராவாரம் மூடியிருக்கிறார். மழை வந்தால் வைப்பர் துடைத்துவிடும், அவள் நல்லவளாகிவிடுவாள். காய்ந்த வாரத்தில் அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டு கார் பேயைக் கண்டதுபோல் அலறும்.

ஷாமளா கையில் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. ஒரு துடை துடைத்தால் போதும், இன்றைக்கே தொண்ணூறு வரும், சாவி பிழைக்கும், யாருக்கும் எதுவும் தெரியாது. வேறு பிள்ளையாக இருந்தால் அதைத்தான் செய்திருக்கும். ஷாமளா போத்தலைத் திறந்து தண்ணீரைக் குடித்தாள். மூடினாள். துடைக்கவில்லை. திருட்டுத்தனமாக நல்ல பிள்ளையாக அவளுக்கு விருப்பமில்லை. அவள் பொய் சொல்லவில்லை என்று அப்பா வாயால் வர வேண்டும்.

அன்று மார்க் ஐம்பத்தெட்டு. மூன்றாவது தடவை.

ஐந்து மணிக்கு லாரியை விட்டுவிட்டு வந்த குழந்தைவேலு வாசலிலேயே நின்றார். செம்பனை எண்ணெய் வாடை சட்டையில் இருந்தது. கையை நீட்டினார்.

"சாவி."

"தர மாட்டேன்."

உள்ளேயிருந்து ரமணி கரண்டியோடு வந்துவிட்டாள். அந்த வீட்டில் அப்பாவுக்கு எதிரே அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை.

"என்ன சொன்ன?"

"தர மாட்டேன்னு சொன்னேன்ப்பா. நீங்க ஓட்டிக் காட்டுங்க. செமிலிங் வரைக்கும் போயிட்டு வாங்க. எழுபது வாங்கிட்டீங்கன்னா சாவி மட்டுமில்ல, லைசென்ஸையும் தர்றேன். பஸ்ஸுலயே போறேன், படிப்பு போனா போவட்டும்."

"எனக்கே பரீட்ச வைக்கிறியா?"

"ஆமா."

குழந்தைவேலு சிரித்தே விட்டார். இருபத்தாறு வருடம், ஒரு சம்மன் இல்லை. போனை ரமணி கையில் கொடுத்தார். "பின்னால உக்காந்து பாத்துக்கிட்டு வா. அப்புறம் இவ ஒண்ணும் பேசக் கூடாது" என்றார்.

அவர் ஓட்டுவதில் குறை சொல்ல எதுவுமில்லை. கிளட்ச் இல்லாத காரைக்கூட மரியாதையாக ஓட்டினார். பீடோங் தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் செம்பனை. சாயங்கால வெயிலில் மட்டைகளின் நிழல் ரோட்டில் குறுக்கே பட்டை பட்டையாக விழுந்திருந்தது. கார் ஒரு தடவை கத்தியது. "என்னவாம் இதுக்கு?" என்றார். இன்னொரு தடவை கத்தியது. கோடு தாண்டியதாகச் சொல்லி ஸ்டீயரிங் நடுங்கியது. அவர் கோட்டுக்குள்தான் இருந்தார்.

"நான் ஒண்ணும் பண்ணலியே!"

"தெரியும்ப்பா" என்றாள் ஷாமளா பக்கத்திலிருந்து.

அடுத்த வளைவு முடிந்ததும் நேர்ச்சாலை, முன்னால் ஈ காக்கை இல்லை. கார் வீறிட்டது. அவருடைய கால் பெடலைத் தொடவில்லை. தானே பிரேக் போட்டு, மூன்று பேரையும் முன்னால் தள்ளி, சீட் பெல்ட் நெஞ்சை அழுத்த, நடுரோட்டில் குலுங்கி நின்றது. பின்னால் ஒரு ஹாரன். விடாத, நீளமான ஹாரன். கண்ணாடியில் ஒரு குலை லாரியின் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. முழுப் பாரம். கடைசி நொடியில் எதிர்ப்பக்கத்துக்கு ஒடித்து, டயர் கருக, கார் கதவை உரசுகிற மாதிரி கடந்து போனது. மேலேயிருந்து ஒரு குலை உருண்டு விழுந்து புல்லில் போய் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கெட்ட வார்த்தை சொன்னான்.

குழந்தைவேலு காரை ஓரத்தில் ஏற்றி நிறுத்தினார். முழுப் பாரம் ஏற்றிய லாரி நிற்க எத்தனை அடி வேண்டும் என்பது இந்தக் கெடா மாநிலத்தில் அவருக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. எஞ்சினை அணைத்தார்.

"முருகா" என்றாள் ரமணி. பிறகு மடியில் கிடந்த போனைப் பார்த்தாள். "நாப்பத்தொம்பதுங்க."

"அஞ்சு வாரமா எனக்கு இதான்ப்பா நடக்குது" என்றாள் ஷாமளா. "வந்து வந்து சொன்னேன். காடி பொய் சொல்லாதுன்னீங்க."

"மெசின் கெட்டுப் போச்சு. நாளைக்கே கடைக்குக் கொண்டு போயி..."

"கெடல. எறங்குங்க."

இறங்கினார்கள். அவள் கண்ணாடியின் மேல்பக்கத்தைக் காட்டினாள். "இதுக்குப் பின்னாலதான் கண்ணு இருக்கு. நீங்க பூசுனதுல பாதி மறைஞ்சு போச்சு. மழை பெஞ்சா வைப்பர் தொடச்சிரும், அன்னிக்கு எனக்குத் தொண்ணூறு. பெய்யலன்னா அறுபது."

அவருக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் கோபம்தான் முதலில் வந்தது. "சாமியவே குத்தம் சொல்றியா?"

"சாமிய சொல்லல. உங்களச் சொல்றேன்."

போத்தல் தண்ணீரைச் சரித்தாள். துப்பட்டா முனையால் துடைத்தாள். குங்குமம் கரைந்து கண்ணாடியில் சிவப்பாக இறங்கியது. "அடியே, வெள்ளிக்கிழம பூசுனதுடி" என்று ரமணி பதறினாள். ஷாமளா நிறுத்தவில்லை. சந்தனம் போய், மூன்று பட்டையும் போய், கண்ணாடிக்குப் பின்னால் சின்னதாக ஒரு கறுப்புக் கண் தெரிகிற வரை துடைத்தாள்.

"இப்ப ஓட்டுங்க."

அதே சாலை, அதே நிழல், அதே ஆள். கார் வாயைத் திறக்கவில்லை. வீட்டு வாசலில் நிறுத்தியபோது ரமணி போனைத் தூரமாகப் பிடித்துப் படித்தாள். தொண்ணூற்றாறு.

குழந்தைவேலு சாவியை உருவி மகளிடம் நீட்டினார். "சரி. இனிமே கீழ பம்பர்ல வைக்கிறேன். நீ சாவிய வச்சுக்க. பொட்டி அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அவ்வளவுதான். ஐந்து வாரம் அவள் பட்டதற்கு அவ்வளவுதான். ஷாமளா குனிந்து ஸ்டீயரிங்குக்குக் கீழே கையை விட்டாள். பெட்டியைப் பிடுங்கினாள். அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இருக்காதுப்பா."

"ஷாமளா!"

"உங்க லாரியில தவுக்கே வச்ச கேமராமேல ஸ்டிக்கர் ஒட்டுனீங்களே, ஏன்?"

"அது வேற."

"என்ன வேற? நம்பிக்க இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கன்னு சொன்னீங்க. நானும் உங்க வீட்டுல பொறந்தவதானே? என் காடிக்குக் கண்ண மூடுனது தெரியாமப் பண்ணுனது. உங்க லாரியில தெரிஞ்சே மூடி வச்சிருக்கீங்க. நாளைக்கு அந்த ஸ்டிக்கரப் பிச்சிட்டு வாங்க. அண்ணனுக்கும் ஒரு பொட்டி மாட்டுங்க. அன்னிக்கு நானே இத மாட்டிக்கிறேன்."

குழந்தைவேலு கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். இத்தனை வருடம் சொல்லாத ஒன்று அப்போது வெளியே வந்தது. "திவாகரன் போன அன்னிக்கு எனக்கு யாரும் சொல்லலம்மா. சாயங்காலம் வரைக்கும் தெரியாது. நான் பாட்டுக்குக் குலை ஏத்திக்கிட்டு இருந்தேன், சிரிச்சுக்கிட்டு இருந்தேன். நீ கெளம்புனா எனக்கு அதான் ஞாபகம் வருது. மார்க் வந்து போன் அடிச்சா, சரி, பிள்ள பத்திரமா போயிருச்சுன்னு தெரியும். அதுக்குத்தான்."

ஷாமளாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

"பயப்படுங்கப்பா. வேணாம்னு சொல்லல. ஆனா நான் வந்து நிக்கறப்ப என் மூஞ்சியப் பாருங்க. என்னாச்சுன்னு என்னக் கேளுங்க. கேட்டுட்டு நம்புங்க. மார்க் பாக்காதீங்க."

"நான் உன்ன நம்பாமப் போயிட்டேன்" என்றார் அவர், காரின் தரைவிரிப்பைப் பார்த்தபடி. "நீ பொய் சொல்லல."

அவள் கேட்க வந்தது அதுதான். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

லாரி ஸ்டிக்கரை அவர் பிய்க்கவில்லை. பெட்டி குளிர்பெட்டியின் மேல் கிடந்தது.

வெள்ளிக்கிழமை அவளுக்குக் காலை டூட்டி வந்தது. விடிந்தும் விடியாமலும் குழந்தைவேலு விபூதித் தட்டோடு காரடியில் நின்றார். பம்பரில் மூன்று பட்டை இழுத்தார். பழக்கதோஷத்தில் கை கண்ணாடியின் மேல்பக்கத்துக்குப் போனது. அங்கேயே நின்றது. விரலில் குழைத்த விபூதி காய ஆரம்பித்தது. அவர் திரும்பி, யூனிபாரத்தோடு நின்ற மகளின் நெற்றியில் அதை இழுத்தார்.

"போய்ச் சேந்ததும் ஒரு போன் பண்ணும்மா."

"பண்ண மாட்டேன்ப்பா. மூணு மணிக்கு வீட்டுல இருப்பேன். நீங்க வந்து நிக்கறப்ப பாத்துக்குங்க."

அவர் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. ஆனால் தலையை ஆட்டினார்.

செமிலிங் முச்சந்திக்கு வந்தபோது இரண்டு பக்கமும் சாலை காலி. கார் கத்தவில்லை. மார்க் போட யாரும் இல்லை. நிற்காமல் திரும்பியிருந்தாலும் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஷாமளா முழுசாக நிறுத்தினாள். வலது பக்கம் பார்த்தாள், இடது பக்கம் பார்த்தாள், மறுபடி வலது பக்கம் பார்த்தாள். பிறகுதான் எடுத்தாள்.